ஆயிரம் ரூபாயில் ஒரு பெயர்

சேலம் பக்கம் ஆட்டையாம்பட்டியில் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் பலருக்கு மாதாமாதம் கணக்கில் 1,000 ரூபாய் விழுகிறது. 'புதுமைப் பெண் காசு' என்கிறார்கள். திட்டத்தின் முழுப்பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாருடையது. முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் அந்த அம்மா யார் தெரியுமா என்றேன். "முன்னால கல்யாணத்துக்குக் குடுத்தாங்களே, அந்தம்மாதானுங்களே?" என்றார். சரிதான். 1989இல் திருமண உதவியாகத் தொடங்கியது, 2022இல் படிப்புக்கு மாறியது.

*

அந்தம்மா எவருக்கும் அடங்கியவர் அல்ல. 1883இல் பிறந்தவர். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் தேவதாசி வழக்கத்தை எதிர்த்தே வாழ்நாளைச் செலவிட்டார். 1925இல் பெரியார் காங்கிரசை விட்டதும் இவரும் விட்டார். 1936இல் 'தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவல். 1938இல், 55 வயதில், இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தே போன படையில் இவரும் உண்டு. 42 நாள் நடை.

*

அதே ஆண்டு நவம்பர் 13, சென்னையில் பெண்கள் மாநாடு. மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை தலைமை. ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்று பெயர் வைத்தது அந்த மாநாடுதான். மறுநாள் இந்தி எதிர்ப்பு மறியல்: டாக்டர் தருமாம்பாள், இராமாமிர்தம், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீதம்மாள் கைது.

பின்னர் பெரியார்மீது வழக்கு. குற்றச்சாட்டு, பெண்களைத் தூண்டிவிட்டார் என்பது! ஆட்சியில் இருந்தவர் நம் சேலம் நகராட்சியின் பழைய தலைவர் ராஜாஜி. 42 நாள் நடந்த கிழவியை இன்னொருவர் தூண்டிவிட வேண்டுமாம்.

*

சேலத்தில் 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. ஊரில் பெரியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அண்ணா தீர்மானம் என்பார்கள், பெரியார் என்பார்கள். பெண் பெயர் ஒன்றுகூட வராது.

*

1949 ஜூலையில் பெரியார் மணியம்மையை மணந்தார். வயது வித்தியாசத்தைச் சொல்லி எதிர்த்துப் பிரிந்த அண்ணா, செப்டம்பரில் தி.மு.க.வைத் தொடங்கினார். இராமாமிர்தமும் அந்தப் பக்கம் போய்விட்டார். பிரிந்தவர்களைக் 'கண்ணீர்த் துளிகள்' என்று திராவிடர் கழகத்தார் கேலி செய்தார்கள். அண்ணாவின் பின்னால் போனவர்களில் ஒருவர் என்று வரலாறு இவரைச் சேர்த்து எழுதிவிடுகிறது. வயதான ஆண்களும் இளம்பெண்களும் என்ற கணக்கில் வாழ்நாள் முழுக்கப் பெண்கள் பட்டதைப் பார்த்தவர் அவர். அவருக்குச் சொந்தமாக ஒரு காரணம் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்தச் சண்டையில் மணியம்மையை ஒரு பொருள்போலத்தான் பேசினார்கள். அவருடையதும் ஒரு பெண்ணின் முடிவு என்பது யார் வாயிலும் வரவில்லை. பெரியார் மறைந்தபின் திராவிடர் கழகத்துக்குத் தலைமை தாங்கி, 1974 டிசம்பரில் இராவண லீலா நடத்தியவர் அவர். இரண்டு பெண்களில் ஒருவரைத்தான் மதிக்க வேண்டும் என்று எனக்குக் கட்டாயம் இல்லை.

*

செங்கொடிப் பக்கமும் இப்படித்தான். மணலூர் மணியம்மை: தலையைக் கிராப் வெட்டி, வேட்டி சட்டை போட்டு, தஞ்சை விவசாயத் தொழிலாளர்களுக்காக நின்றவர். ராஜம் கிருஷ்ணன் அவரைப் பற்றி எழுதிய 'பாதையில் பதிந்த அடிகள்', பண்ணையாரோடு பட்ட பாட்டை மட்டும் சொல்லவில்லை, தோழர்களோடு பட்ட பாட்டையும் சொல்கிறது. கட்சிக்காரர்கள் இரண்டாவதைச் சீக்கிரம் புரட்டிவிடுகிறார்கள்.

*

சாயங்காலம் விசைத்தறிக் கூலி உயர்வுத் துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்தார்கள். தறி ஓட்டும் கூலி முதலில், பாவுக் கூலி அடுத்து, தார் சுற்றும் கூலி கடைசி வரி. தார் சுற்றுவது பெரும்பாலும் பெண்கள்.

"மேல ஏத்துங்கன்னு சொல்லியிருக்கோமுங்க" என்றார் தார் சுற்றும் பெண் ஒருவர். "ஏத்தலீன்னா?" என்றேன்.

"ஊர்வலத்துக்கு ஆள் எண்ணும்போது எங்களச் சேக்காம எண்ணிக்கச் சொல்லியாச்சுங்க."