எங்க அமுச்சி சொன்ன கொள்ளிவாய்ப் பிசாசு



இந்த மாத இதழுக்கு "எங்க ஊர்ப் பேய்க் கதை" என்று தலைப்புக் கொடுத்தாங்க. மோகினி, புளியமரத்துப் பேய் எல்லாம் மத்தவங்க எழுதிடுவாங்கன்னு தெரியும். அதனால நான் கொள்ளிவாய்ப் பிசாசைப் பத்தி எழுதறேன். கதை மாதிரிதான் ஆரம்பிக்கும். ஆனா தயவு செஞ்சு கடைசி வரைக்கும் படிங்க. முக்கியமா, வீட்ல யாராவது சாயப்பட்டறையில் வேலை பாக்கறவங்க கட்டாயம் படிங்க.

எங்க அமுச்சி ஊர் நொய்யல் கரையில் இருக்கு. ஊரை ஒட்டி ஒரு குட்டை. மழை பெய்ஞ்சா நிறையும், வெயில் காலத்துல வெறும் சேறுதான். சின்ன வயசுல லீவுக்குப் போனா அமுச்சி சொல்ற முதல் வார்த்தையே இதுதான்:

"பொழுதோட அந்தக் குட்டைப் பக்கம் போவாத கண்ணு. கொள்ளிவாய்ப் பிசாசு நிக்கும். வாயத் தொறந்தா தீ, மூடுனா இருட்டு. நீ கிட்டப் போனா அது அக்கட்டால போகும். நீ நின்னா அதுவும் நிக்கும். வெளிச்சம் தெரியுதேன்னு அது பின்னாலயே போனவன் சேத்துல மாட்டிக்குவான்."

அமுச்சியோட அப்பா ராத்திரி தண்ணி பாய்ச்சப் போனப்ப ஒரு தடவை பாத்தாராம். நீலமும் மஞ்சளுமா ஒரு சுடர், தரைக்கு ஒரு முழம் மேல ஆடிச்சாம். மம்பட்டியை அப்படியே போட்டுட்டு வீட்டுக்கு ஓடி வந்துட்டாராம்.

இந்தப் பிசாசு எங்க ஊருக்கு மட்டும் சொந்தம் இல்லீங்க. 'பொன்னியின் செல்வன்' படிச்சவங்களுக்குத் தெரியும், கோடிக்கரைச் சேத்துல பூங்குழலி வந்தியத்தேவனுக்கு இதைத்தான் காட்டுவாள். வங்காளத்து மீனவர்கள் இதை 'ஆலேயா'ன்னு சொல்றாங்க. குஜராத்தில் கட்ச் பாலைவனத்தில் 'சிர் பத்தி'ன்னு பேரு. பேரு வேற வேற, ஆனா எல்லா ஊர்லயும் ஒரே எச்சரிக்கைதான்: பின்னால போகாதே.

நான் ஆறாவது படிக்கும்போது எங்க மாமா (அம்மாவோட தம்பி) ஒரு சாயப்பட்டறையில் வேலை பாத்துட்டு இருந்தார். அங்கே கழிவுத் தண்ணி சேர்ற தொட்டியில் மோட்டார் அடைச்சுக்கிச்சு. நாலஞ்சு நாளா அசையாமக் கிடந்த தொட்டி. மாமாவும், கூட வேலை பாக்கற ஒரு அண்ணனும் மூடியைத் தூக்கினாங்க. அழுகின முட்டை நாத்தம் அடிச்சுதாம். கொஞ்ச நேரம் நின்னாங்க. நாத்தம் போயிருச்சு. "சரி, காத்து வெளிய போயிருச்சாட்ட இருக்குது"ன்னு அந்த அண்ணன் ஏணி வெச்சு இறங்கினார்.

நாலு படி இறங்கினதும் கை விட்டுருச்சு. சத்தம் கூடப் போடலை.

மாமா உடனே ஏணியில் கால் வெச்சுட்டார். அப்ப வாட்ச்மேன் தாத்தா ஓடி வந்து சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்துப் போட்டார். "நீயும் போயி எறங்குனா ரெண்டு பொணம்டா"ன்னு கத்தினாராம். தீயணைப்பு வண்டி வந்து, முகமூடியும் காத்து சிலிண்டரும் மாட்டின வீரர் இறங்கித்தான் அந்த அண்ணனைத் தூக்கினாங்க. உயிர் இல்லை. அவருக்கும் ஆறாவது படிக்கிற ஒரு பொண்ணு இருந்துச்சு.

மாமா ரொம்ப நாள் யார்கூடவும் பேசலை. "நான் எறங்கியிருக்கோணும்" என்று மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தார். அமுச்சி திண்ணையில் உக்காந்து அழுதுட்டே, "அந்தப் பிசாசுதான் அடிச்சுப் போட்டுருச்சு சாமி"ன்னாங்க. மாமாவுக்குக் கோவம் வந்துருச்சு. "பிசாசுமில்ல மண்ணுமில்ல, சும்மா இரும்மா"ன்னு கத்தினார். நானும் மனசுக்குள்ள அமுச்சியைக் கேலி பண்ணினேன். இன்னிக்கு அதை நெனச்சா வெக்கமா இருக்கு.

போன வருஷம் எங்க வகுப்பை ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் நஞ்சராயன் குளத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. 2022-ல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-ல் ராம்சார் தலமாகவும் அறிவிக்கப்பட்ட குளம். எல்லாரும் பறவை பாத்துட்டு இருந்தாங்க. நான் கரையோரச் சேத்துல குமிழி குமிழியா வர்றதைப் பாத்து, "இது என்னங்க மிஸ்?"ன்னு கேட்டேன். "இதுதான் உங்க பாட்டி சொல்ற கொள்ளிவாய்ப் பிசாசோட மூச்சு"ன்னு சிரிச்சாங்க அறிவியல் மிஸ். எனக்கு சிரிப்பு வரலை.

அவங்க சொன்னது இது. சேத்துக்கு அடியில் காத்து போகாது. அங்கே இலை, தழை அழுகும்போது நுண்ணுயிரிகள் மீத்தேன் வாயுவை உண்டாக்கும். சாண எரிவாயு அடுப்பில் எரியறதும் பெரும்பாலும் இதே மீத்தேன்தான். 1776-ஆம் ஆண்டு இத்தாலியில் மஜ்ஜோரே ஏரியில் வோல்டா என்ற விஞ்ஞானி சேத்தைக் குச்சியால் கிளறி, வந்த குமிழியைப் பாட்டிலில் பிடிச்சு, அது எரியுதுன்னு கண்டுபிடிச்சார். பேட்டரியைக் கண்டுபிடிச்ச அதே வோல்டா! சேத்துல பாஸ்பரஸ் கலந்த வாயுக்களும் கொஞ்சம் வரும். அதில் டைபாஸ்பேன் என்பது காத்துப் பட்டாலே தானாப் பத்திக்கும். அது மீத்தேனையும் பத்த வைக்குதுன்னு விஞ்ஞானிகள் விளக்கம் சொல்றாங்க. நாம கிட்டப் போனா காத்து அசையும், சுடரும் விலகும். பிசாசு நகர்ற மாதிரி தெரியும்.

அப்போ நான் மாமா கதையைச் சொன்னேன். மிஸ் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னாங்க, "அது அந்தப் பிசாசோட தம்பி."

தம்பி பேரு ஹைட்ரஜன் சல்பைடு. பருத்தித் துணியில் சாயம் பிடிக்கறதுக்கு உப்பு போடுவாங்க. சாதா உப்பும் போடுவாங்க, சோடியம் சல்பேட்டும் போடுவாங்க. அந்த சல்பேட் கழிவுத் தண்ணியோட தொட்டிக்குப் போகுது. அசையாமக் கிடக்கற சகதியில் நுண்ணுயிரிகள் அதை ஹைட்ரஜன் சல்பைடா மாத்திடும். அழுகின முட்டை நாத்தம் அதோடதுதான். பத்து லட்சம் பங்கு காத்துல 100 பங்கு இது இருந்தாலே நம்ம மூக்கு மரத்துப் போயிரும். நாத்தம் தெரியாது. 1000 பங்கு இருந்தா ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துருவார். இது காத்தை விடக் கனம். மூடியைத் திறந்து வெச்சாலும் அடியிலேயே தங்கும்.

நாத்தம் போயிருச்சுன்னு அந்த அண்ணன் நெனச்சாரே, போனது நாத்தம் இல்லை, அவரோட மோப்பம். இதை மிஸ் சொன்னப்ப எனக்குக் கண்ணீர் வந்துருச்சு.

வீட்டுக்குப் போய் மாமாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "நீங்க எறங்கியிருந்தா அவரைக் காப்பாத்தியிருக்க முடியாதுங்க மாமா. ரெண்டு பேரும் போயிருப்பீங்க"ன்னேன். மாமா பதில் சொல்லலை. என் நோட்டை வாங்கி ரெண்டு தடவை படிச்சார்.

அமுச்சிகிட்டயும் சொன்னேன். அவங்க ஆச்சரியமே படலை. "அந்தக் காலத்துல பாழுங் கெணத்துல எறங்கறதுக்கு முன்னால லாந்தரைக் கயித்துல கட்டி விடுவோம். வெளக்கு அணைஞ்சா ஆரும் எறங்க மாட்டாங்க. எறங்குனாலும் இடுப்புல கயிறு, மேல ரெண்டு ஆளு"ன்னாங்க.

இதை மிஸ்கிட்டச் சொன்னப்ப, 2025 வரைக்கும் அமலில் இருந்த 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவைக் காட்டினாங்க. விஷ வாயு இருக்கற இடத்தில் இறங்கணும்னா, சோதிச்சுப் பாத்து ஆபத்து இல்லைன்னு சான்று வேணும்னு அதில் இருந்துச்சு. இல்லைன்னா சுவாசக் கருவியும், இடுப்புப் பட்டையில் கட்டின கயிறும் வேணும்னு இருந்துச்சு. கயித்தோட மறுமுனை வெளிய நிக்கறவர் கையில் இருக்கணும்னும் இருந்துச்சு. எங்க அமுச்சி பள்ளிக்கூடமே போகலைங்க! ஆனா ஒண்ணு, விளக்கு விட்டுப் பாக்கறது சாயப்பட்டறைத் தொட்டிக்கு ஆகவே ஆகாது. காத்துல மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தா, தீப்பொறி பட்டதும் வெடிச்சிரும்.

அமுச்சி காலத்துப் பிசாசு தீயைக் காட்டிப் பயமுறுத்துச்சு. அதனால ஆளுங்க தள்ளி நின்னாங்க. தொட்டிக்குள்ள இருக்கறது எதையும் காட்டறது இல்லை. அதனால நாமதான் சொல்லி வெக்கணும்.

நண்பர்களே, நம்ம பள்ளியில் பாதிப் பேர் வீட்ல பனியன் கம்பெனி, சாயப்பட்டறை வேலைதான். இன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது இந்த நாலையும் சொல்லுங்க:

1. கருவி வெச்சு வாயுவைச் சோதிக்காத தொட்டியில் யார் சொன்னாலும் இறங்க வேண்டாம்.
2. நாத்தம் நின்னு போச்சுன்னா அது நல்ல அறிகுறி இல்லை. உடனே தள்ளி வரணும்.
3. உள்ளே ஒருத்தர் விழுந்தா, காப்பாத்தறதுக்குக் கூட வெறுமனே இறங்கக் கூடாது. 101-க்கோ 112-க்கோ போன் பண்ணணும்.
4. தொட்டிக்குப் பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது.

மாமா இப்ப வேற கம்பெனியில் வேலை பாக்கறார். இந்த நாலையும் ஒரு அட்டையில் எழுதி அவரோட சோத்துப் பையில் வெச்சு விட்டேன். சாயங்காலம் பை திரும்பி வந்தப்ப அட்டையைக் காணோம். எங்கன்னு கேட்டேன். "தொட்டி மூடிக்கு மேல செவுத்துல ஒட்டிட்டேன் கண்ணு"ன்னார்.



- 9 'ஆ' பிரிவு மாணவி