பெடல் இறங்கின நாள்

எங்கட கராஜில் 1967ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. லண்டனுக்குப் படிக்க வந்த அப்பா, வேலை கிடைத்த பிறகு காசு சேர்த்து வாங்கியது. யாழ்ப்பாணத்தில் அவர் சின்ன வயதில் பார்த்த ஹயர் கார்களின் ஆசை. இப்போது அவர் கார் ஓடுவதில்லை. சாவி என்னிடம்.

நாலு சில்லுக்கும் பழைய ட்ரம் பிரேக். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இன்றைய றோட்டில் போகப் பயமாக இருந்தது. அதனால் முன்சில்லு இரண்டுக்கும் நானே டிஸ்க் பிரேக் பூட்டினேன்.

இரண்டாம் நாள் காலை வைத்து அமத்தினால் பெடல் மெல்ல மெல்லக் கீழே போனது. காப்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன், மாஸ்டர் சிலிண்டரில் ஒயில் குறைந்திருந்தது. வலது முன்சில்லின் உள்பக்கம் ஈரம். ஸ்பானரால் இன்னும் இறுக்கினேன். நின்ற மாதிரி இருந்தது. அடுத்த நாள் ஒரு கலியாணம். இந்தக் காரில்தான் போவது என்று அப்பா ஆசையாக இருந்தார்.

டோர்ச் பிடித்துக்கொண்டு நின்ற மகள் கேட்டாள்: "அப்பா, சரியாயிட்டுதா? இல்லாட்டி சரி எண்டு நினைக்கிறீங்களா?"

எனக்குப் பதில் இல்லை. கலியாணத்துக்கு மற்றக் காரில் போனோம். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பரவாயில்லை தம்பி. ஓடுறது பெரிய வேலையில்லை, நிப்பாட்டுறதுதான்."

அடுத்த சனிக்கிழமை அவசரமில்லாமல் தொடங்கினேன். காரை ஸ்டாண்டில் ஏற்றி, பைப் பூட்டுகள் எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே பேப்பர் விரித்தேன். மகள் பெடலை அமத்தினாள். ஒரே இடத்தில்தான் நனைந்தது: ஹோஸ் வந்து கலிப்பரில் சேரும் போல்ட்டில். முதல் நாள் ஹோஸைத் திருகலாகப் பூட்டி, கழற்றி, அதே செப்பு வாஷர்களைத் திரும்பப் போட்டிருந்தேன். ஒருமுறை நசிந்த வாஷர் மறுமுறை ஒழுங்காக அடைக்காது. எவ்வளவு இறுக்கினாலும் போல்ட்தான் முறியும்.

புது வாஷர் இரண்டு போட்டேன். ஒயில் பட்ட பிரேக் பாட்டைக் கழுவிப் பயனில்லை, இரண்டு பக்கத்துக்கும் புதிது வாங்கினேன். பெயின்ரில் சிந்தினதை உடனே தண்ணீரால் கழுவினேன், விட்டால் பெயின்ரைத் தின்றுவிடும். பிறகு காற்றெடுத்தோம். எங்கேயும் ஈரமில்லாமல் ஒயில் மட்டும் குறைகிறது என்றால், சேர்வோ பூட்டியவர்கள் அதையும் பார்க்கவேணும். அதற்குள்ளால் எஞ்சினுக்குப் போய் வெள்ளைப் புகையாக எரியும்.

"ஒரு நிமிசம் அமத்திப் பிடி பிள்ளை," என்றேன்.

"இறங்கேல்லை அப்பா."

பேப்பரும் காய்ந்தே இருந்தது. முதலில் நான் மட்டும் எங்கட தெருவில் மெதுவாக ஓடி, நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்த்தேன். அதன் பிறகுதான் அவளை ஏற்றினேன், அப்பாவை முன்சீற்றில் இருத்தினேன்.

இப்போதும் வெளியே போகுமுதல் மகள் குனிந்து காருக்குக் கீழே பார்க்கிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. அவள் பார்த்து முடியும்வரை காத்திருக்கிறேன்.