புதுப் புத்தகமும் கணித ஆசிரியரும்

ஆண்டுதோறும் ஜூன் திங்களில் பள்ளிகள் திறக்கும் வேளையில், நம் இல்லங்களில் புதுப் புத்தகங்களுக்கு அட்டை போடும் பணி மும்முரமாக நடைபெறும். பாடத்திட்டம் மாறிய ஆண்டாயின் பெற்றோரின் கவலையும் உடன் வந்து சேரும். ‘அண்ணன் படித்த புத்தகம் தம்பிக்கு உதவாதாமே’ என்பர். ‘கணக்கு மிகக் கடினமாகிவிட்டதாமே’ என்பர். பிள்ளைகளுக்காகக் கவலைப்படுவது இயல்பே. ஆயினும் அதே புத்தகம் அதே வாரத்தில் இன்னொருவர் கைக்கும் புதிதாகவே வந்து சேருகின்றது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றோம்? அவர்தாம் கணித ஆசிரியர். அப்புத்தகத்தைக் கற்க மாணவனுக்கு ஓர் ஆண்டு உண்டு. ஆசிரியரோ அடுத்த திங்கட்கிழமை மணி அடித்ததும் அதனைக் கற்பித்தாக வேண்டும்.

கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவரும் வெவ்வேறு உயர்நிலைப் பள்ளிகளில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர்கள். பாடத்திட்ட மாற்றங்களை அருகிருந்து கண்டவர்கள். 1978-இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பெற்றபோது நாங்கள் மாணவர்கள். கல்லூரிப் புகுமுக வகுப்பில் நடந்துவந்த பாடங்கள் அவ்வாண்டில் பள்ளிக்கு இடம்பெயர்ந்தன. இரவில் தாம் படித்ததை மறுநாட் காலையில் எங்களுக்குப் போதித்த ஆசிரியப் பெருமக்களை நாங்கள் இன்றும் நன்றியுடன் நினைக்கின்றோம்.

நாங்கள் ஆசிரியர்களான பின்னர் எங்களுக்கும் அதே அனுபவம் வாய்த்தது. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்காகப் பிரிந்திருந்த கல்விமுறை சமச்சீர்க் கல்வியாக ஒன்றிணைந்தபோது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2011 ஆகஸ்ட் 9-ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்த பின்னரே பத்தாம் வகுப்பு மாணவர் புதுப் புத்தகங்களைக் கண்டனர். மீண்டும் 2018-இல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. மறு ஆண்டில் பத்தாம் வகுப்பிற்கும் வந்தது. க்யூஆர் குறியீடும், ஜியோஜீப்ரா என்னும் கணினிச் செயல்முறையும் கணிதப் புத்தகத்தினுள் இடம்பெற்றன. ‘மட்டு எண்கணிதம்’ போன்ற புதிய பகுதிகளும் சேர்ந்தன. மாற்றங்கள் தேவையற்றவை என்று நாங்கள் கூறவில்லை. அவற்றுள் பல நல்லவை. நூல் மாறும் வேகத்தில் மனிதர் மாற இயலுமா என்பதே எங்கள் வினா.

எங்களுடன் பணியாற்றிய ஓர் ஆசிரியையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தேழு ஆண்டுகள் பத்தாம் வகுப்பிற்குக் கணிதம் கற்பித்தவர். ஊரில் பெயர் பெற்றவர். அவரிடம் படித்த தாய்மார் தம் பிள்ளைகளையும் அவர் வகுப்பிலேயே சேர்க்க விரும்பினர். 2019-இல் புதிய நூல் வந்தபோது அவர் மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். நூறு பேர் அமர்ந்த ஒரு மண்டபத்தில், திரையில் தோன்றியதைக் கருத்தாளர் வாசித்தார். ஆசிரியர்கள் எழுதிக்கொண்டனர். எவரும் ஒரு கணக்கையேனும் செய்து பார்க்கவில்லை. திரும்பி வந்த அம்மையார் எங்கள் இல்லத்திற்கு வந்து, விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பிக்கப் போவதாகக் கூறினார். ‘மாணவன் கேள்வி கேட்கும்போது தலைகுனிந்து நிற்பதைவிட, மரியாதையோடு வெளியேறுவது மேல் அல்லவா?’ என்று அவர் கேட்டபோது எங்களுக்கு விடை சொல்ல நா எழவில்லை.

பயிற்சிகள் நடைபெறாமல் இல்லை. முதலில் மாநில அளவில் சிலர் பயிற்சி பெறுவர். அவர்கள் மாவட்டத்தில் சிலருக்குப் பயிற்சி அளிப்பர். அங்கிருந்து அது ஒன்றியத்திற்கு வரும். தலைமடையில் திறந்துவிட்ட நீர் கடைமடைக்கு வந்து சேருவதற்குள் எவ்வளவு வற்றிவிடும் என்பதை உழவர் அறிவர். அறிவும் அவ்வாறே. கடைமடையில் நிற்பவர்தாம் வகுப்பறையில் நிற்பவர். பயிற்சி முடிந்தபின், ‘வகுப்பில் எப்படி நடந்தது?’ என்று ஒருவரேனும் வந்து கேட்பதும் அரிது.

இக்குறை கற்றோரால் எடுத்துரைக்கப்படாததும் அன்று. தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு 2005-ஐ ஒட்டி, கணிதக் கல்வியை ஆராய்ந்த தேசியக் குழு, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சார்ந்த பேராசிரியர் ஆர். ராமானுஜம் தலைமையில் ஓர் அறிக்கை அளித்தது. அதில் நான்கு குறைகள் சுட்டப்பட்டன. பெரும்பாலான பிள்ளைகளிடம் காணும் அச்சமும் தோல்வி உணர்வும், நிறைவளிக்காத பாடத்திட்டம், நுட்பமற்ற தேர்வுமுறை ஆகிய மூன்றையும் அடுத்து, ஆசிரியருக்குப் போதிய ஆயத்தமும் ஆதரவும் இன்மை நான்காவதாகக் கூறப்பட்டது. நான்காவது குறை தீராமல் முதற் குறை எங்ஙனம் தீரும்? அஞ்சி நிற்கும் ஆசிரியர் அச்சத்தையே கற்பிப்பார். விளங்காததை மனப்பாடம் செய்யச் சொல்வதும், கைடு நூலைக் கையில் கொடுப்பதும் அவ்வச்சத்தின் பிள்ளைகளே.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய இடர் அன்று. 1957-இல் சோவியத் நாடு ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியதும் அமெரிக்கர் திடுக்கிட்டனர். 1958-இல் கணித அறிஞர் எட்வர்டு பெகிள் தலைமையில் ஒரு குழு கூடிப் பள்ளிக் கணிதத்தைப் புதிதாக எழுதத் தொடங்கியது. கணங்களும் எண்ணடிமானங்களும் பள்ளிக்குள் நுழைந்தன. ‘நவீன கணிதம்’ எனப் புகழப்பெற்ற அம்முயற்சியில் அறிஞர் பலர் உழைத்தனர்; ஆசிரியர்க்குக் கோடைக்காலப் பயிற்சிகளும் நடந்தன. எனினும் பயிற்சி எட்டாத ஆசிரியர் பெருந்தொகையினர். பெற்றோருக்கோ ஒன்றும் விளங்கவில்லை. 1973-இல் மாரிஸ் கிளைன் என்னும் கணிதப் பேராசிரியர் அம்முறையைக் கண்டித்து ஒரு நூலே எழுதினார். பின்னர் பள்ளிகள் பழைய வழிக்குத் திரும்பலாயின. நூலாசிரியரின் மேதைமை ஒன்றே வகுப்பறையை மாற்றிவிடாது என்பதற்கு இது தக்க சான்று.

ஜப்பானியரிடையே வேறொரு வழக்கம் நூறாண்டுகளுக்கு மேலாக வேரூன்றியுள்ளது. அங்கே ஒரு பள்ளியின் ஆசிரியர் சிலர் கூடி, ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, அதை எவ்வாறு தொடங்குவது, எந்த வினாவைக் கேட்பது, மாணவர் என்னென்ன விடை கூறக்கூடும் என்றெல்லாம் வாரக்கணக்கில் ஆராய்வர். பின்பு அவர்களுள் ஒருவர் அதைக் கற்பிக்க, மற்றவர் வகுப்பின் ஓரத்தில் நின்று மாணவரைக் கவனிப்பர். வகுப்பு முடிந்ததும் அமர்ந்து பேசித் திருத்துவர். ஆராயப்படுவது பாடமேயன்றி ஆசிரியர் அல்லர். எனவே எவருக்கும் தலைகுனிவு இல்லை. 1999-இல் இரு அமெரிக்கர் எழுதிய நூல் வழியாக இம்முறை மேலை நாடுகளிலும் பரவலாயிற்று.

அவ்வம்மையார் விண்ணப்பம் எழுதுமுன் நாங்கள் ஒரு யோசனை கூறினோம். அண்டையிலுள்ள நான்கு பள்ளிகளின் கணித ஆசிரியர் ஆறு பேர் மாதம் இரு சனிக்கிழமைகளில் கூடினோம். எங்களுள் இளையவர் பணியில் சேர்ந்து ஈராண்டே ஆனவர். முதல் நாள் அவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியை எடுத்துவந்து, ‘டீச்சர், இன்று சனிக்கிழமை. நூறு நாள் கழித்து என்ன கிழமை?’ என்று கேட்டார். அம்மையார் சற்றே எண்ணி, ‘நூறில் பதினான்கு வாரம் போக இரண்டு மீதி, ஆகவே திங்கள்’ என்றார். ‘இவ்வளவுதான் டீச்சர், மட்டு எண்கணிதம்’ என்றார் இளைஞர். ஜெர்மானியக் கணித மேதை கௌஸ் 1801-இல் தம் நூலில் முறைப்படுத்திய அக்கருத்து, நம் வீட்டு நாட்காட்டியிலும் கடிகாரத்திலும் இருப்பதே என்று கண்டதும் அம்மையாரின் முகம் தெளிந்தது.

அடுத்த கூட்டத்தில் கற்பித்தவர் அம்மையார். முக்கோணத்தின் அடிப்பக்கத்திற்கு இணையாக ஒரு கோடு வரைந்தால் அது மற்ற இரு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் பிரிக்கும் என்பது தேற்றம். உச்சியிலிருந்து இரண்டுக்கு மூன்று எனப் பக்கம் பிரிந்தால், இணைகோட்டிற்கும் அடிப்பக்கத்திற்கும் உள்ள விகிதமும் இரண்டுக்கு மூன்று என்றே மாணவர் பலர் எழுதிவிடுவர். அது இரண்டுக்கு ஐந்து அன்றோ? ‘தம்பி, அவர்கள் பகுதியைப் பார்க்கிறார்கள், முழுமையைப் பார்ப்பதில்லை. சிறிய முக்கோணத்தைத் தனியே கத்தரித்துப் பெரியதன்மேல் வைக்கச் சொல்லுங்கள்’ என்றார். இளைஞர் அதைக் குறித்துக்கொண்டார். எந்த வரியில் மாணவன் இடறுவான் என்பதை எந்தப் பாடநூலும் அவருக்குச் சொல்லியிருக்க முடியாது. அம்மையார் விருப்ப ஓய்வு பெறவில்லை. உரிய காலம் வரை பணியாற்றி மாணவர் சூழ விடைபெற்றார்.

இத்தகைய கூட்டுறவு நம் மண்ணுக்குப் புதிதன்று. 1965-இல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் சென்னையில்தான் பிறந்தது. சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த பி. கே. சீனிவாசன் (1924–2005) காகித மடிப்பும் கோலமும் கொண்டே கணிதம் கற்பிக்கலாம் எனக் காட்டி, சக ஆசிரியர்க்கு ஊக்கமளித்தார். இராமானுஜனைப் பற்றிய கடிதங்களையும் நினைவுகளையும் தேடித் தொகுத்தவரும் அவரே. பள்ளி ஆசிரியர் ஒருவர் வாழ்நாள் முழுதும் மாணவராக இருக்க முடியும் என்பதற்கு அவர் எடுத்துக்காட்டு.

இனி, பெற்றோரும் பள்ளி நிர்வாகிகளுமாகிய நாம் செய்யத்தக்கவை யாவை? 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஐம்பது மணி நேரப் பணித்திறன் பயிற்சி வேண்டும் என்கின்றது. அக்கொள்கையைப் பற்றிக் கருத்து வேற்றுமைகள் பல உள்ளன. ஆயினும் நேரம் ஒதுக்க வேண்டும் என்பதில் வேற்றுமை இருத்தற்கில்லை. கால அட்டவணை அமைப்போர், கணித ஆசிரியர் அனைவருக்கும் வாரத்தில் ஒரு பாடவேளையைப் பொதுவாக ஒழித்துக் கொடுக்கலாம். செலவு ஏதுமில்லை. மூத்தவரையும் இளையவரையும் இணைத்துவிடலாம். பயிற்சி பெற்று வந்தவர்க்குச் சில வாரங்கள் கழித்து, கற்றதைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பளிக்கலாம்.

பெற்றோராகிய நமக்கும் கடமை உண்டு. ஆசிரியர் பயிற்சிக்குச் சென்ற நாளில், ‘இன்று பாடமே நடக்கவில்லை’ என்று சலித்துக்கொள்ளாதிருப்போம். ‘எங்கள் காலத்தில் இப்படியா சொல்லிக்கொடுத்தார்கள்?’ என்று பிள்ளையின் முன் ஆசிரியரை எள்ளாதிருப்போம். டியூஷன் ஆசிரியரோடு ஒப்பிட்டுப் பேசாதிருப்போம். ‘எத்தனை மதிப்பெண்?’ என்று கேட்குமுன், ‘இன்று எது புரிந்தது, எது புரியவில்லை?’ என்று கேட்போம். பிள்ளை புரியவில்லை என்று சொன்னதை ஆசிரியரிடம் குறையாக அன்றி, செய்தியாக எடுத்துச் செல்வோம். நல்ல ஆசிரியருக்கு அதைவிடப் பெரிய உதவி பிறிதில்லை.

பாடநூலை ஒரு கோடை விடுமுறையில் அச்சிட்டுவிடலாம். அதனைக் கற்பிக்கும் துணிவு அவ்வாறு அச்சில் வருவதன்று; தோழமையாலும் காலத்தாலும் மெல்ல விளைவது. அடுத்த முறை புதுப் புத்தகத்திற்கு அட்டை போடும்போது, அதே நூலை இரவு விளக்கின் கீழ் விரித்து வைத்து, பென்சிலும் கையுமாக அமர்ந்திருக்கும் ஆசிரியரையும் நினைத்துக்கொள்வோம். அவர் தனித்து விடப்படாமற் பார்த்துக்கொள்வது நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் நன்மையே ஆகும்.