அளந்த பிறகு போடும் காசு

பெண்ணாடம் பக்கத்தில் டர்ட் பைக் என்ற பெயரில் யாரும் வண்டி வாங்குவதில்லை. ஆனால் வெள்ளாற்று மணலிலும், கரும்புக் கொல்லைக்குப் போகும் வண்டித்தடத்திலும், மழை பெய்தால் முழங்கால் சேறாகிவிடும் வாய்க்கால் கரையிலும் நாள் முழுக்க இரு சக்கர வண்டிகள் ஓடத்தான் செய்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி வந்த டி.வி.எஸ். எக்ஸ்.எல்.களும் ஸ்பிளெண்டர்களும்தான். எப்போதாவது ஒரு யமஹா ஆர்.எக்ஸ். 100 தட்டுப்படும். ஹீரோ 2011-இல் இம்பல்ஸையும் 2019-இல் எக்ஸ்பல்ஸ் 200-ஐயும் மண்பாதைக்கென்றே கொண்டுவந்தது உண்மை. புல்லுக்கட்டும் உரமூட்டையும் ஏற்றுகிறவரின் கணக்கில் அவை இடம்பெறவில்லை. அவருக்கு இருக்கும் வழி, பழைய சின்ன வண்டி ஒன்றைக் கைக்காசுக்குள் தேற்றி எடுப்பதுதான். அந்த வேலையைச் செய்கிற பட்டறைகளைக் கவனித்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று: இப்படித் தேற்றப்படும் வண்டிகள் சீக்கிரம் மறுபடி படுத்துவிடுவதற்குக் காசு குறைவு என்பது பாதிக் காரணம்தான். இருக்கிற காசில் அளப்பதற்கென்று ஒரு ரூபாய்கூட ஒதுக்கப்படுவதில்லை என்பதே மீதிப் பாதி. கண்டிஷனுக்கு வர வேண்டிய வண்டிக்கு முதல் செலவு உதிரிபாகத்துக்குப் போகிறது. எந்தப் பாகம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது, சில சமயம் வருவதே இல்லை.

இதற்கு நல்ல சான்று போரிங், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடையும் வேலை. கிழிந்த ஏர் ஃபில்டரோடு புழுதியில் ஓடிய இன்ஜினில் தூசி உள்ளே போய் சிலிண்டர் சுவரைத் தேய்க்கும். அந்தத் தேய்மானம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விழுவதில்லை. பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் இரு பக்கமும், ரிங் திரும்பும் மேல்பகுதியும் கூடுதலாகத் தேயும். இதைத்தான் மெக்கானிக்குகள் சிலிண்டர் ஓவலாகிவிட்டது என்கிறார்கள். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று படிப்படியாக வரும் ஓவர்சைஸ் பிஸ்டன்களில் பொருந்துவதைப் போட வேண்டும். ஒரு மில்லிமீட்டரும் முடிந்துவிட்டால் பெரும்பாலும் லைனர் மாற்றுவதுதான் வழி. ஆக, ஒரு சிலிண்டருக்கு நாலு ஆயுள் உண்டு. கால் மில்லிமீட்டர் போதுமான இடத்தில், கடையில் அரை மில்லிமீட்டர் பிஸ்டன் கிட்தான் இருந்தது என்பதற்காக அதைப் போட்டால் ஓர் ஆயுள் வீண். அடுத்தது இடைவெளி. பிஸ்டன் அலுமினியம், சுவர் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். காற்றில் குளிரும் சின்ன டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டுக்கும் நடுவே விடப்படும் இடம் மில்லிமீட்டரில் நூறில் மூன்று முதல் ஐந்து பங்குதான். அதற்குக் குறைந்தால் பிஸ்டன் ஜாம் ஆகும், கூடினால் தட்டும். பெட்டிமேல் 0.50 என்று அச்சடித்திருப்பதை நம்பிக் கடையக் கூடாது. வாங்கிய அந்தப் பிஸ்டனையே மைக்ரோமீட்டரில் அளந்து அதற்கேற்பக் கடைய வேண்டும். லேத் பட்டறைக்காரருக்கு இது தெரியாததல்ல. பிஸ்டன் இல்லாமல் சிலிண்டரை மட்டும் அனுப்பி ‘அரை சைஸ் போட்டுக் கொடுங்க’ என்று சொல்வது வாடிக்கையாளரின் அவசரம்.

சிலிண்டரைச் சரியாகக் கடைந்தும் ஜாம் ஆகும் வண்டிகள் உண்டு. பெரும்பாலும் பழி லேத்துக்காரர் மேல் விழும். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸுக்கும் வேலை உண்டு: பெட்ரோல் கலவை முதலில் அங்கேதான் வந்து அமுங்கி மேலே போகிறது. கிராங்கின் இரு முனையிலும் உள்ள ஆயில் சீல் இறுகிப் போயிருந்தால், மேக்னட் பக்கம் வெளிக்காற்று உள்ளே புகும். கலவை மெலிந்து, சூடு ஏறி, புது பிஸ்டனும் இழுத்துப் பிடிக்கும். கிளட்ச் பக்கத்து சீல் போயிருந்தால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு வெள்ளைப் புகையாக வெளியே வரும். பல நூறு ரூபாய் போரிங்கையும் பிஸ்டனையும் கொன்றுபோடுவது விலை குறைந்த ஒரு ரப்பர் வளையம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே இதன் பாதிக் கதை தெரியும்: நடுவிலுள்ள பீங்கான் மூக்கு வெளிர்ந்து கிடந்தால் கலவை மெலிவு, கரி பூசிக் கிடந்தால் கனம். பக்கத்திலே விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் போன ஊர். ஈரமண்ணில் வார்த்த பொருள் காய்ந்தும் சூளையில் வெந்தும் சுருங்கும் என்பதால் அச்சையே அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்வது அங்கே அன்றாட வேலை. சுருக்கத்தைக் கணக்கில் எடுக்காத பீங்கான் பட்டறை ஒன்று இருக்க முடியாது. விரிவைக் கணக்கில் எடுக்காத போரிங் மட்டும் எப்படிச் செல்லுபடியாகிறது என்பது எனக்குப் புரியாத புதிர்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. நல்ல மெக்கானிக் காதால் கேட்டே சொல்லிவிடுவார், கருவி எதற்கு என்பார்கள். அந்தக் காதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிஸ்டன் தட்டுகிறதா, கனெக்டிங் ராடு பேரிங் தட்டுகிறதா என்பதைப் பேசிக்கொண்டே பிரித்தறிவது ஆண்டுக்கணக்கில் வந்த படிப்பு. கிக்கரைக் கையால் அழுத்தியே கம்ப்ரஷன் எவ்வளவு என்று சொல்கிறவர்கள் உண்டு. எங்கே நோய் என்பதைக் காது காட்டும். எவ்வளவு வெட்ட வேண்டும் என்று அதனால் சொல்ல முடியாது. நூறில் நாலு பங்குக்கும் எட்டு பங்குக்கும் உள்ள வேறுபாடு, வண்டி சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் காதுக்கு எட்டும். அப்போது செலவு நடந்து முடிந்திருக்கும்.

இனி ‘அப்கிரேட்’. இளவட்டங்கள் முதலில் கேட்பது சைலன்ஸர், அடுத்து பெரிய கார்புரேட்டர், பிறகு போரைப் பெரிதாக்கி வேகம் கூட்டுவது. கடைசியதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 1985-இல் இந்தியாவுக்கு வந்த ஆர்.எக்ஸ். 100-இன் சிலிண்டர் 50 மில்லிமீட்டர் குறுக்களவும் அதே அளவு ஓட்டமும் கொண்டது; கொள்ளளவு சுமார் 98 சி.சி. ஒரு மில்லிமீட்டர் முழுவதையும் கடைந்தாலும் 102 சி.சி.தான் வரும், நாலு சதவீதம். சிலிண்டரின் நாலு ஆயுளையும் ஒரே மூச்சில் தின்றதற்குக் கிடைக்கும் கூலி அவ்வளவே. மாறாக 14 பல் உள்ள முன் ஸ்ப்ராக்கெட்டை எடுத்துவிட்டு 13 பல் போட்டால் சக்கரத்துக்குப் போகும் இழுவை ஏழரை சதவீதத்துக்கு மேல் கூடும், இன்ஜினைத் தொடவே வேண்டாம். மேல்வேகம் குறையும், கரும்புக் கொல்லைத் தடத்தில் மேல்வேகத்தை வைத்து என்ன செய்வது? மணலில் வண்டியைக் காப்பாற்றுவது நல்ல பட்டன் டயரும், கோட்டம் எடுத்த ஸ்போக் சக்கரமும், ஆடாத கோன் செட்டும், சரியான அளவு ஆயில் ஊற்றிய ஃபோர்க்கும்தான். இவை எல்லாமே அளவு வேலைதான். ஒரு சக்கரத்தின் ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து முறுக்குவதற்கு உதிரிபாகம் ஒன்றும் தேவையில்லை, பொறுமை மட்டும் போதும். அதனாலேயே அதற்குக் கூலி தர மனம் வருவதில்லை.

இவ்வளவு பாடுபடுவதற்குப் புது வண்டியே வாங்கலாமே என்பது இரண்டாவது மறுப்பு, பாதி சரி. 2015-இல் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினோடு வந்த எக்ஸ்.எல். 100 பழைய 70 சி.சி. டூ ஸ்ட்ரோக்கைவிடப் பெட்ரோலும் குறைவாகக் குடிக்கிறது, புகையும் குறைவு. டூ ஸ்ட்ரோக்கில் எரியாத கலவையில் ஒரு பங்கு அப்படியே சைலன்ஸர் வழியாக வெளியேறும் என்பது அதன் பிறவிக்குணம். போரிங் சரியாக இருந்தாலும் அது போகாது. தினமும் ஊருக்குள் ஓட்ட வேண்டியவருக்கு ஆர்.எக்ஸ். 100 வேண்டாம் என்றுதான் சொல்வேன். சேகரிப்பாளர்களின் மோகத்தால் அதற்கு இப்போது லட்சத்துக்கு மேல் விலை பேசப்படுகிறது, ஆகவே சிக்கனக் கணக்கிலும் அது வராது. பழைய ஸ்பிளெண்டர் ஃபோர் ஸ்ட்ரோக். பாகம் எங்கும் கிடைக்கும். அதைத் தேற்றுவதில் நியாயம் உண்டு. 2020-இல் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு எக்ஸ்.எல். 100-க்கும் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அது கெட்டால் ஸ்பானரோடு உட்காரும் மெக்கானிக்கால் முழுதும் பார்க்க முடியாது என்பதையும் வாங்குகிறவர் கணக்கில் சேர்க்க வேண்டும். மாற்றங்களுக்குச் சட்ட எல்லையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் தந்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம் என்கிறது. வேறு வண்டியின் பெரிய இன்ஜினைத் தூக்கி வைப்பது இதில் சிக்கும். வண்டியை அதன் பிறந்த அளவுக்குத் திருப்பும் வேலைக்கு எந்தத் தடையும் இல்லை.

பட்டறை பில்லைப் பார்த்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்று விளங்கும். பிஸ்டன் கிட், சீல், செயின் செட் எல்லாம் பெயரோடு, விலையோடு வரும். யாரும் அதில் பெரிதாகப் பேரம் பேசுவதில்லை. கடைசி வரியில் கூலி என்று இருக்கும். பேரம் முழுக்க அங்கேதான். கூலியில் விட்டதைப் பாகத்தில் எடுக்க வேண்டிய நிலைக்கு மெக்கானிக் தள்ளப்படுகிறார். கம்பெனி ஐட்டம் இருந்த இடத்தில் லோக்கல் சாமான் வருவதும், மாற்ற வேண்டாததை மாற்றுவதும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. ‘சிலிண்டர் நல்லாத்தான் இருக்கு, ரிங் மட்டும் போட்டாப் போதும்ணே’ என்று உண்மையைச் சொல்லும் மெக்கானிக்குக் கிடைப்பது ரிங் போட்ட கூலி. முழு இன்ஜினையும் பிரித்துப் போட்டவருக்கு அதைப்போலப் பல மடங்கு. திறந்து பார்ப்பதற்கும் அளப்பதற்கும் தனியாக ஒரு கூலி பேசி, பாகம் வாங்கும் முன்பே அதைக் கொடுத்துவிடும் வழக்கம் வந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். இன்ஜினை மேலே மட்டும் கழற்றி, சிலிண்டரை லேத்துக்கு எடுத்துப்போய் அளந்து, சீலைப் பார்த்து, சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் பார்த்துவர அரை நாள் பிடிக்கும். அந்த அரை நாள் கூலி ஒரு நல்ல பட்டன் டயரின் விலையை எட்டாது.