மழை வெளியிலிருந்தா, உள்ளிருந்தா?

அந்த ஜாக்கெட் கோவைக்கு வந்து சேர்ந்தபோது, அதன் பாக்கெட்டில் கடை பில்லும் கூடவே வந்துவிட்டது. அதை எடுத்து வைக்க மகள் மறந்துவிட்டாள். 180 பவுண்டு. அவர் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தார். ஏறக்குறைய 19,000 ரூபாய்!

"ஒரு மழைக்கோட்டுக்கா இவ்வளவு காசு?"

"புள்ள ஆசையா அனுப்பியிருக்குது. விலையைக் கேட்டு அதோட மனசை நோகடிக்காதீங்க" என்றார் மனைவி.

அவர் பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர். சின்ன வயதில் மழை வந்தால் சாக்குப் பைதான். ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்தால் கொங்காணி தயார். அதைப் போட்டுக்கொண்டு மாடு மேய்த்தவருக்கு, மான்செஸ்டரில் வேலைக்குச் சேர்ந்த மகள் முதல் வருடச் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய ஜாக்கெட் இது. 'தண்ணி உள்ளே வராது, வேர்வை வெளியே போயிடும்' என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மலை ஏறுவதுதான் அவருடைய ஒரே பொழுதுபோக்கு. வருடம் தவறாமல் வெள்ளியங்கிரி போய் வருவார். அந்த வருடம் அண்ணன் மகன் கூப்பிட்டான் என்று, ஜூலை மாதத்தில் கர்நாடகாவின் குதுரேமுக்குக்குக் கிளம்பினார்.

குதிரை முகம் போலத் தெரியும் மலை என்பதால் அந்தப் பெயர். உயரம் சுமார் 1,890 மீட்டர். கலசா பக்கத்தில் முள்ளோடி என்ற சிற்றூர் வரை ஜீப்பில் போய், அங்கிருந்து நடக்க வேண்டும். போக வர சுமார் 20 கிலோமீட்டர். வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் கட்டாயம். தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும் இடம். ஜூலையில் அங்கே மழை பெய்கிறது என்று சொல்வதைவிட, மழைக்குள் மலை இருக்கிறது என்று சொல்லலாம்.

முதல் அரை மணி நேரம் ஜாக்கெட்டின் மீது விழுந்த மழைத்துளிகள் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடின. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஏற்றம் தொடங்கியதும் கதை மாறியது. முதுகு கசகசவென்று ஆனது. பிறகு தோள். இரண்டு மணி நேரத்தில் உள்ளே போட்டிருந்த சட்டை பிழியும் அளவுக்கு நனைந்துவிட்டது.

வழிகாட்டிப் பையன் தலையில் வெறும் பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தான். அது காற்றில் படபடக்க, உள்ளே காற்று புகுந்து வெளியேற, அவன் சட்டை இவருடையதைவிடக் காய்ந்தே இருந்தது. இவரைத் திரும்பிப் பார்த்து, தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னான்: "சார், உங்க மழை வெளிய இருந்து இல்ல. உள்ள இருந்து வருது!"

அண்ணன் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். இவர் சிரிக்கவில்லை.

இரவு மகள் போன் செய்தாள். "ஜாக்கெட் எப்படிங்கப்பா இருந்துச்சு?"

ஒரு நொடி தயங்கினார். பில்லில் இருந்த எண் கண்முன் வந்தது.

"சூப்பரா இருந்துச்சு கண்ணு. ஒரு சொட்டு நனையலை!"

அந்தப் பொய் இரண்டு வருடம் பத்திரமாக இருந்தது. ஜாக்கெட்டும் பீரோவில், பாச்சை உருண்டைகளுக்கு நடுவே பத்திரமாக இருந்தது.

பிறகு ஓர் அக்டோபர் மாதம் இருவரும் மகளைப் பார்க்க மான்செஸ்டர் கிளம்பினார்கள். "ஜாக்கெட்டை எடுத்துட்டு வாங்கப்பா. இங்கிலாந்திலேயே உயரமான மலைக்குப் போலாம்" என்றாள் மகள். மனைவி தன் பங்குக்கு அதைப் பாச்சை உருண்டை வாசனை போகும்வரை சோப்புத்தூளில் ஊறவைத்துத் துவைத்தார். துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவத்தில் ஒரு முறை அலசியும் எடுத்தார். கையில் எடுத்தால் பட்டுப்போல இருந்தது.

அந்த உயரமான மலையின் பெயர் ஸ்காஃபெல் பைக். உயரம் 978 மீட்டர்தான். வெள்ளியங்கிரி ஏறிய காலுக்கு இது ஒரு மலையா என்று அவர் நினைத்தார். ஆனால் அது இருக்கும் லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில், நடை தொடங்கும் சீத்வெயிட் என்ற இடம் இங்கிலாந்தில் மக்கள் வசிக்கும் ஊர்களிலேயே அதிக மழை பெறுவது. வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல். சென்னையைப் போல இரண்டு மடங்கு. அதுவும் குளிர் மழை.

மனைவி கெஸ்விக்கில் அறையிலேயே இருந்துகொண்டார். அப்பாவும் மகளும் காலை 10 மணிக்கு நடக்கத் தொடங்கினார்கள். ஸ்டாக்லி பாலம் என்ற பழைய கல் பாலத்தைத் தாண்டும்போதே தூறல் மழையானது. வெப்பநிலை 6 டிகிரி. மேலே போகப் போகக் காற்று ஆளைத் தள்ளியது.

மகளின் ஜாக்கெட்டில் துளிகள் உருண்டோடின. அப்பாவின் ஜாக்கெட்டில் தோள்பட்டை கறுத்து, ஈரம் படர்ந்து, துணி உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, நனையுதுங்களா?"

"இல்ல கண்ணு. நல்லாத்தான் இருக்கேன்."

இன்னும் கால் மணி நேரம் கழித்துக் கேட்டாள். அதே பதில். ஸ்டை ஹெட் என்ற கணவாயை அடைந்தபோது, அங்கே மலை மீட்புக் குழுவினர் ஸ்ட்ரெச்சர் வைத்திருக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார்கள். மகள் ஃபிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். அவரால் மூடிக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. விரல்கள் மடங்க மறுத்தன. ஏதோ சொல்ல வந்தார். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குழறின.

அவளுக்கு வயிற்றைப் பிசைந்தது. உடம்பின் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஹைப்போதெர்மியா என்கிறார்கள். கடுமையான நடுக்கம், கை மரத்துப்போவது, நடை தடுமாறுவது, பேச்சு குழறுவது எல்லாம் அதன் எச்சரிக்கைகள். பனி கொட்ட வேண்டியதில்லை. நனைந்த துணியும் காற்றும் போதும்.

பையிலிருந்து காய்ந்த ஃபிளீஸ் சட்டையை எடுத்தாள். அந்தப் பெட்டியின் மறைவிலேயே அவருடைய ஜாக்கெட்டையும் ஈரமான பருத்திச் சட்டையையும் பனியனையும் கழற்றவைத்து அதைப் போட்டுவிட்டாள். மேலே தன் ஜாக்கெட்டை மாட்டினாள். அவருடையதைத் தான் போட்டுக்கொண்டாள். சூடாக இனிப்பு டீயும் ஒரு சாக்லேட்டும் கொடுத்தாள்.

"திரும்பறோம்."

"இவ்வளவு தூரம் வந்துட்டு... இன்னும் கொஞ்சந்தானே கண்ணு..."

"அப்பா, திரும்பறோம்."

சின்ன வயதில் அவர் அவளை அதட்டும் அதே குரல். அவர் பேசாமல் திரும்பினார். கீழே இறங்கி, காரில் ஹீட்டர் முன்னால் உட்கார்ந்து, நடுக்கம் அடங்க வெகு நேரமானது.

அன்று மாலை அறையில் அவள் ஒரு வேலை செய்தாள். ஜாக்கெட்டின் முதுகுப் பகுதியைத் துணித்தொட்டில் போலப் பிடித்து, வெளிப்பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினாள். மேல் துணி குடித்துக் கறுத்தது. "இப்ப அடிப்பக்கம் தொட்டுப் பாருங்கப்பா." தொட்டார். காய்ந்திருந்தது.

"ஜாக்கெட் ஒழுகலை. அப்ப நீங்க எப்படி நனைஞ்சீங்க?"

அவளே விளக்கினாள். ஜாக்கெட்டின் மேல் துணிக்கும் உள் துணிக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. நான்ஸ்டிக் தவாவில் பூசும் அதே டெஃப்லான் பொருளை 1969-ல் பாப் கோர் என்ற அமெரிக்கர் சட்டென்று வேகமாக இழுத்துப் பார்த்தார். அது நுண்துளைகள் நிறைந்த சவ்வாக விரிந்தது. கோர்டெக்ஸ் பிறந்தது அப்படித்தான். இன்று பல நிறுவனங்கள் பலவிதமான சவ்வுகளைச் செய்கின்றன. அடிப்படை ஒன்றுதான்: மழைத்துளி நுழைய முடியாத சவ்வு வழியே நீராவி மட்டும் வெளியேறும்.

ஆனால் நீராவி தானாக ஓடிவிடாது. அதிகம் இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்குத்தான் போகும். மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி காயாமல் கிடப்பது ஏன்? காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருக்கிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 5 டிகிரியில் சுமார் 7 கிராம்தான். எனவே 100 சதவீத ஈரப்பதம் என்றாலும், குளிர் நாட்டுக் காற்றில் உண்மையில் இருக்கும் நீராவி குறைவு. ஜாக்கெட்டுக்குள்ளிருந்து அது வெளியே போக வழி இருக்கிறது. நம் பருவமழை மலைகளில் அந்த இழுவிசை குறைவு. வேர்வையோ அதிகம். ஏற்றத்தில் மூச்சுவாங்க நடப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் அரை லிட்டருக்கும் மேல் வேர்க்கலாம். எந்தச் சவ்வும் அதற்கு ஈடுகொடுக்கத் திணறும்.

"அப்ப இங்க ஏன் நனைஞ்சேன்?" என்றார்.

"அம்மா துவைச்சதாலே!" என்று சிரித்தாள். மேல் துணியில் தண்ணீரை உருட்டிவிடும் ஒரு பூச்சு உண்டு. அழுக்கு, சோப்புத்தூள், மிருதுவாக்கும் திரவம் எல்லாம் அதற்கு எதிரி. பூச்சு வேலை செய்யாவிட்டால் மேல் துணி தண்ணீரைக் குடித்து ஈரப் போர்வையாகிவிடும். சவ்வு அப்போதும் ஒழுகாது. ஆனால் நீராவிக்கு வெளியே வழி அடைபடும். துணியும் சில்லென்று ஆகிவிடுவதால் வேர்வை உள்ளேயே தண்ணீராகும். போட்டிருப்பவருக்கோ ஜாக்கெட் ஒழுகுவது போலவே தெரியும். உள்ளே பருத்தி பனியன் இருந்தால் அது அத்தனை ஈரத்தையும் பிடித்து வைத்து உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

மனைவி முகம் வாடியது. "நான் நல்லதுக்குத்தானே துவைச்சேன்..."

"யாரும் சொல்லலைன்னா உங்களுக்கு எப்படிங்கம்மா தெரியும்?" என்றவள் அப்பா பக்கம் திரும்பினாள். "குதுரேமுக்ல நனையவே இல்லைன்னு சொன்னீங்களே?"

அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், பாக்கெட்டில் இருந்த பில், வழிகாட்டிப் பையன் சொன்னது, பிழிந்த சட்டை எல்லாவற்றையும்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அன்னைக்கே நனைஞ்சதுன்னு சொல்லியிருந்தா, உள்ளே என்ன போடணும், எப்படித் துவைக்கணும்னு சொல்லியிருப்பேன். இன்னைக்கு மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் நல்லா இருக்கேன்னு சொன்னீங்க. உங்க கை நடுங்கறதைப் பார்த்துத்தான் எனக்கு உண்மை தெரிஞ்சுது. நான் பார்க்காம இருந்திருந்தா?"

அவரிடம் பதில் இல்லை. தலையைக் குனிந்துகொண்டார். மனைவி எழுந்து வந்து அவர் தோளில் ஒரு துண்டைப் போர்த்தினார்.

மான்செஸ்டர் திரும்பியதும் ஜாக்கெட்டுக்கு வைத்தியம் நடந்தது. இதற்கென்றே விற்கும் திரவ சோப்பில் துவைத்து, இரண்டு முறை அலசி, லேபிளில் சொன்னபடி டிரையரில் மிதமான சூட்டில் உலர்த்தினாள். சூடு பட்டால் அந்தப் பூச்சு ஓரளவு உயிர்பெறும். தேய்ந்திருந்த தோள்பட்டைக்குப் புதிதாக ஸ்பிரே அடித்தாள். குழாயடியில் பிடித்தபோது தண்ணீர் மறுபடி முத்துமுத்தாக உருண்டது. பாலியஸ்டர் பனியன் இரண்டு வாங்கினார்கள். அக்குளுக்குக் கீழே ஜிப் இருப்பதையே அவர் அன்றுதான் கவனித்தார். ஏற்றத்தில் சூடாகும்போது திறந்துவிடுவதற்காம். வேர்க்கத் தொடங்கும் முன்பே உள்ளே ஓர் உடையைக் குறைப்பது, வேகத்தைக் குறைப்பது, பையில் எப்போதும் ஒரு காய்ந்த சட்டை வைத்துக்கொள்வது என்று மற்ற பாடங்களும் நடந்தன.

ஊரில் வாங்குபவர்களுக்கும் இதில் சேதி இருக்கிறது. 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று எழுதியிருந்தால் தூறலுக்குத்தான் தாங்கும். 'வாட்டர்ப்ரூஃப்' என்றிருந்து, தையல்கள் மேல் உட்புறம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 10,000 மி.மீ. என்று போட்டிருந்தால், அந்தத் துணியின் மேல் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் தாங்கும் என்று பொருள். வெப்பமான நம் மழையில், காற்று அதிகமில்லாத பாதையென்றால், காற்றோட்டமுள்ள சாதாரண போஞ்சோவே போதும். குளிரும் காற்றும் சேர்ந்த மலைமுகட்டில்தான் நல்ல ஜாக்கெட் தன் விலைக்கு வேலை செய்யும்.

ஊர் திரும்ப மூன்று நாள் இருக்கும்போது மறுபடி லேக் டிஸ்ட்ரிக்ட் போனார்கள். இந்த முறை கேட்பெல்ஸ் என்ற 451 மீட்டர் குன்று. மழையும் வந்தது. உச்சியில் காற்று காதை அடைக்க, மகள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா, நனைஞ்சிருக்கீங்களா?"

வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது. அவர் ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு முதுகைத் தொட்டுப் பார்த்தார்.

"கொஞ்சம் நனைஞ்சிருக்கேன் கண்ணு. ஆனா குளிரலை."