பாட்டியின் தலையணை உறை

தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் ஓர் அரசுக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் அச்சிறுமியின் குடும்பம் வாழ்கிறது. ஆடி மாதத்தில் ஒருநாள் கும்பகோணத்திலிருந்து பாட்டி வந்து சேர்ந்தார். அவரை வரவேற்பதற்காகச் சிறுமி தன் உண்டியல் பணத்தில் ஒரு பரிசு வாங்கி வைத்திருந்தாள். அஃது இளஞ்சிவப்பு நிறத்தில் பளபளவென்று மின்னும் ஒரு தலையணை உறை. "அசல் பட்டு" என்று கடைக்காரர் கூறியிருந்தார். பாட்டி அதைத் தடவிப் பார்த்து, "மகாராணிக்கு ஏற்றதாக அல்லவா இருக்கிறது!" என்று மகிழ்ந்தார்.

தில்லியில் ஆடி மாதம் மழைக்காலம். வெயிலின் கடுமை தணிந்தாலும் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். மின்விசிறி சுழன்றாலும் வியர்வை எளிதில் உலராது. மூன்றாம் நாள் இரவு தண்ணீர் அருந்த எழுந்த சிறுமி, பாட்டியின் படுக்கையைக் கண்டு நின்றாள். பளபளக்கும் உறையின்மேல் நைந்த பருத்திச் சேலைத் துண்டு ஒன்று விரிக்கப்பட்டிருந்தது. அதில் கன்னம் பதித்துப் பாட்டி உறங்கிக்கொண்டிருந்தார். காலையில் அத்துண்டு மடிக்கப்பட்டு மெத்தையின் அடியில் மறைந்திருந்தது. இளஞ்சிவப்பு உறை மட்டும் எல்லாரும் காணும்படி மின்னியது.

பேத்தியின் மனம் வருந்தக் கூடாது என்பதற்காகவே பாட்டி அவ்வாறு செய்கிறார் என்பது சிறுமிக்குப் புரிந்தது. பரிசில் உள்ள குறை என்ன என்பதுதான் புரியவில்லை. பாட்டி கோயிலுக்குச் சென்றிருந்த நேரத்தில் அம்மாவிடம் வினவினாள்.

அம்மா ஒரு கிண்ணத்தில் நீர் கொண்டுவந்து, இரண்டு துணிகளிலும் ஒவ்வொரு துளி விடச் சொன்னார். உறையின்மேல் விழுந்த துளி முத்துப்போல் நின்றது. சேலைத் துண்டின்மேல் விழுந்த துளி கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்தது.

"இரவு முழுவதும் நம் கன்னமும் கழுத்தும் தலையணையைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. அங்கே அரும்பும் வியர்வையைத் துணி உறிஞ்ச வேண்டும். பருத்தி இயல்பாகவே தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தைக் காற்றிலிருந்து ஏற்று வைத்திருக்கும். பாலியஸ்டரோ அரை விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை" என்றார் அம்மா. பிறகு உறையின் உட்புறத்தில் தைத்திருந்த சிறு சீட்டைக் காட்டினார். 'பாலியஸ்டர் சாட்டின்' என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. சாட்டின் என்பது இழையின் பெயரன்று, நெசவின் பெயர். பட்டையும் அவ்வாறு நெய்யலாம், பாலியஸ்டரையும் நெய்யலாம். பளபளப்பு ஒன்றையே கண்டு பட்டு என்று நம்பியது சிறுமியின் பிழை.

அன்று மாலை அவள் அப்பாவுடன் கரோல்பாக் கடைத்தெருவிற்குச் சென்றாள். இம்முறை நிறத்தைப் பார்ப்பதற்கு முன்பே சீட்டைப் படித்தாள். கடைக்காரர், நூல் எண்ணிக்கை 1000 என்று அச்சிட்ட உறையை எடுத்துக் காட்டினார். ஓர் அங்குலச் சதுரத்தில் உள்ள பாவு நூல்களையும் ஊடை நூல்களையும் கூட்டினால் வருவதே அந்த எண். முறுக்கிய நூலின் புரிகளைத் தனித்தனியே எண்ணி, அதைப் பெரிதாக்கிக் காட்டுவதும் உண்டு. புழுக்கமான காலத்திற்கு 200 முதல் 300 வரை உள்ள எளிய நெசவே போதும். அதனூடே காற்று நன்கு புகும். முழுவதும் பருத்தியாலான வெள்ளை உறை ஒன்றை அவள் தேர்ந்தெடுத்தாள். சலவையில் பருத்தி சற்றுச் சுருங்கும் என்பதால், தலையணையைவிட ஓர் அங்குலம் பெரிதாக இருக்குமாறு அப்பா பார்த்துக்கொண்டார். சீட்டில் ஊர்ப்பெயர் கரூர் என்றிருந்தது. காவிரியின் துணையாறான அமராவதிக் கரையில் உள்ள அந்நகரம், வீட்டுத் துணிகளுக்குப் பெயர்பெற்றது.

வீட்டிற்கு வந்ததும் ஆவலோடு ஒரு துளி நீர் விட்டுப் பார்த்தாள். துளி அப்படியே நின்றது! சிறுமியின் முகம் வாடியது. அம்மா சிரித்தார். "புதுத்துணியில் கஞ்சிப் பசை இருக்கும். துவைத்தால் போய்விடும்" என்றார். இரண்டு முறை துவைத்து வெயிலில் உலர்த்திய பின், துணி மென்மையாயிற்று. நீர்த்துளியையும் உடனே உறிஞ்சிக்கொண்டது.

அன்றிரவு சிறுமி புதிய உறையுடன் பாட்டியிடம் சென்றாள். சேலைத் துண்டைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "பாட்டி, அந்த இளஞ்சிவப்பு உறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. குளிர்காலத்திற்கு நான் எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா? நீங்கள் இதைப் பயன்படுத்துங்கள்" என்றாள்.

பாட்டி அவளைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "எடுத்துக்கொள், கண்ணே" என்று அவள் தலையை வருடினார்.

நள்ளிரவில் சிறுமி மெல்ல எழுந்து எட்டிப் பார்த்தாள். வெள்ளை உறையில் கன்னம் பதித்துப் பாட்டி அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். சேலைத் துண்டு கொடியில் உலர்ந்துகொண்டிருந்தது.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டுத் தலையணை உறைகளில் ஒவ்வொரு துளி நீர் விட்டு, எது விரைவில் உறிஞ்சுகிறது என்று கண்டறியுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு எந்த உறையில் நன்றாக உறக்கம் வருகிறது என்று கேட்டு எழுதுங்கள்.