மேக் அப் என்றால் பவுடர் போடுவதா, தாத்தா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பேத்தி ஆங்கிலப் புத்தகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். "தாத்தா, மேக் அப்னா மூஞ்சிக்குப் போடுறதுதானே? இங்க 'ஹி மேட் அப் எ ஸ்டோரி'ன்னு இருக்கு. கதைக்கு யாராவது பவுடர் போடுவாங்களா?" என்றாள்.

சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தேன். முப்பது வருடத்துக்கு மேல் சொல்லிக்கொடுத்த பாடம்தான். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் பாடம்.

'மேக்' என்றால் செய். 'அப்' என்றால் மேலே. இரண்டையும் கூட்டி 'மேலே செய்' என்று எழுதினால் மார்க் கிடைக்காது. வினைச்சொல்லோடு ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டு புதுப் பொருள் தருவதைத்தான் ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள். இதைக் கண்டாலே பிள்ளைகள் மிரளுவார்கள். மிரள ஒன்றுமில்லை. நம்முடைய 'விடு' என்ற சொல்லைப் பாருங்கள். மூச்சு விடுகிறோம், பட்டம் விடுகிறோம், குறட்டை விடுகிறோம், பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுகிறார்கள், சில பேர் கதை விடுகிறார்கள். எதையாவது அகராதி பார்த்தா படித்தோம்? கூட வரும் சொல்லை வைத்துப் புரிந்துகொள்கிறோம். அவர்களுக்கு மேக் அப்பும் அப்படித்தான்.

'லெவன் பிளேயர்ஸ் மேக் அப் எ டீம்' என்றால் பதினொரு பேர் சேர்ந்தால் ஒரு அணி. 'மேக் அப் யுவர் மைண்ட்' என்றால் யோசித்தது போதும், ஒரு முடிவுக்கு வா. 'மேட் அப் எ ஸ்டோரி' என்றால் இல்லாததை இட்டுக்கட்டினான். இதில் ஒரு இலக்கணமும் உண்டு. 'ஸ்டோரி' என்ற சொல்லை 'அப்'புக்கு முன்னாலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். அதையே 'இட்' என்று மாற்றிவிட்டால் நடுவில்தான் உட்கார வேண்டும். 'மேட் இட் அப்' சரி. 'மேட் அப் இட்' தப்பு. பரீட்சையில் பாதிப் பேர் விழும் இடம் இது.

இனி தூக்கம் வராத காரணம்.

1991. கரிசல்காட்டு ஊர் ஒன்றில் வேலை பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் வந்து வாசலில் நின்றான். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "அப்பாவ மாடு முட்டிருச்சு சார்" என்றான். வகுப்பே சிரித்தது. அதற்கு முந்தின மாதம்தான் இன்னொருத்தன் இதே மாட்டுக் கதையைச் சொல்லி மாட்டியிருந்தான்.

அன்றைக்குப் பாடம் மேக் அப். எனக்கு உதாரணம் கையில் கிடைத்துவிட்டது. கரும்பலகையில் 'ஹி மேட் அப் எ ஸ்டோரி' என்று எழுதி, அவனையே சத்தமாக வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். பொருள் சொல்லச் சொன்னேன். "அவன் கதை கட்டினான்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். மறுபடியும் சிரிப்பு. பாடம் நன்றாகப் பதிந்தது என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவர்கள் தெரு வழியாக சைக்கிளில் போனேன். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் அவன் அப்பா படுத்திருந்தார். இடுப்பைச் சுற்றிப் பெரிய கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று, முடியாமல், படுத்தபடியே கும்பிட்டார். "பையன் ஒழுங்கா படிக்கானா சார்?" என்று கேட்டார். பக்கத்தில் செம்போடு நின்ற பையன் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பற்றி வீட்டில் அவன் மூச்சே விடவில்லை என்பது தெரிந்தது.

அதன்பிறகு அவனுக்கு நோட்டு வாங்கிக்கொடுத்தேன். பத்தாம் வகுப்புக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டினேன். சாயங்காலம் உட்காரவைத்துத் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். பாஸானான். ஆனால் ஒரு நாளும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நானும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. வாத்தியார் பையனிடம் மன்னிப்புக் கேட்பதா என்ற காலம் அது. காலத்தின் மேல் ஏன் பழி போட வேண்டும்? எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

பேத்திக்குச் சொல்லிக்கொடுக்கும்போது கடைசியாக இரண்டு பொருள் மிச்சமிருந்தன. 'மேக் அப்'போடு 'ஃபார்' சேர்ந்தால் ஈடு செய்தல். மழையால் போன வகுப்பைச் சனிக்கிழமை வைத்துச் சரிக்கட்டுவோமே, அது. 'வித்' சேர்ந்தால் சண்டை போட்டவர்கள் மறுபடி ராசியாவது. நான் விளக்கி முடிக்கும் முன்னே அவளே சொன்னாள்: "ஓ, காய் விட்டுட்டு அப்புறம் பழம் விடுறது!"

எந்த அகராதியிலும் இவ்வளவு சரியான பொருள் நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் உறைத்தது. நோட்டும் கட்டணமும் 'ஃபார்' கணக்கில் வரும். அதை ஒருத்தன் தனியாகவே செய்துவிடலாம், எதிராளியின் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. பழம் விடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் முதலில் விரலை நீட்ட வேண்டும். நீட்டவேண்டியவன் நான். முப்பது வருடத்துக்கு மேலாக நீட்டவில்லை.

பழைய மாணவர் ஒருவரிடம் கேட்டு அவன் நம்பரை வாங்கிவிட்டேன். திருப்பூரில் இருக்கிறானாம். அவனுக்கும் இப்போது ஐம்பது நெருங்கியிருக்கும். நான்கு நாளாக நம்பர் போனில் இருக்கிறது. எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

இன்று காலை பேத்தி கேட்டாள்: "என்ன தாத்தா, யுவர் மைண்ட் இன்னும் மேக் அப் ஆகலையா?"

இலக்கணம் கொஞ்சம் இடறுகிறது. திருத்தவில்லை.

இந்தப் பதிவைப் போட்டுவிட்டு அவனைக் கூப்பிடப் போகிறேன்.